தீவாந்திர சிட்சை: தண்டனையா, சம்பளம் இல்லாத வேலையா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "வெள்ளைக்காரன் காலத்தில் குற்றவாளிகளை அந்தமானுக்கு அனுப்பினான். நாடு சுத்தமாக இருந்தது. இன்றைக்கும் திருட்டுப் பயல்களை எல்லாம் ஒரு தீவில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்" என்று. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். கை தட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். இரண்டு பேர் என் தம்பி பிள்ளைகள். "விடுங்க அத்தை, ஃபார்வர்டு மெசேஜ்தானே" என்கிறார்கள். விட முடியாது கண்ணுங்களா. அந்தச் செய்தியில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. அந்தப் பொய்யால் இன்றைக்கும் நம் ஊர்ப்பக்கம் சிலர் அடி வாங்குகிறார்கள்.

பொய் இதுதான்: வெள்ளைக்காரன் குற்றத்தை ஒழிக்கத்தான் கைதிகளைக் கடல் கடத்தினான் என்பது. உண்மை வேறு. அவனுக்குத் தீவில் வேலை இருந்தது. வேலைக்கு ஆள் இல்லை. கூலி கொடுக்க மனமும் இல்லை. அதற்குத்தான் கைதி. தண்டனை என்பது மேலே ஒட்டிய சீட்டு.

முதலில் ஒரு கணக்கு. கம்பெனி என்றால் உங்களுக்கு ஷூ கம்பெனிதான் ஞாபகம் வரும். அதையே எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒருவர் புதிதாக ஷூ கம்பெனி ஆரம்பிக்கிறார். ஆள் வேண்டும். திமிரிக்கும் கலவைக்கும் வண்டி அனுப்ப வேண்டும். சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. மேஸ்திரி நாலு வார்த்தை திட்டினால் நம் பெண்கள் அடுத்த மாதமே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

இப்போது அதே முதலாளிக்கு நடுக்கடலில் ஒரு தீவு கிடைக்கிறது என்று வையுங்கள். முழுக்கக் காடு. கொசு, காய்ச்சல். ரோடு கிடையாது, கிணறு கிடையாது. யார் போவார்கள்? போகிறவன் இரண்டு பங்கு கூலி கேட்பான். போனாலும் அடுத்த கப்பலில் திரும்பி வந்துவிடுவான். முதலாளிக்கு வேண்டியது, வர மாட்டேன் என்று சொல்ல முடியாத, கூலி கேட்க முடியாத, ஊருக்குத் திரும்ப முடியாத ஆள். கைதியை விட்டால் அப்படிப்பட்ட ஆள் வேறு எங்கே கிடைப்பான்?

"டீச்சர், இது உங்கள் கற்பனை" என்று சொல்லலாம். கற்பனை இல்லை. எந்த வருஷம் ஆரம்பித்தார்கள், எந்த வருஷம் நிறுத்தினார்கள் என்று வரிசையாக வைத்துப் பார்த்தாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

இங்கிலாந்து முதலில் கைதிகளை அனுப்பியது ஆஸ்திரேலியாவுக்கு அல்ல, அமெரிக்காவுக்கு. 1718-ல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். 1775 வரை சுமார் 50,000 பேர் போனார்கள். கப்பல்காரர்கள் அவர்களைக் கொண்டுபோய் வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். ஆமாம், விற்றார்கள். இத்தனை வருஷம் இவன் உழைப்பு உனக்கு, இவ்வளவு பணம் எனக்கு என்று. தண்டனை என்றால் அதில் விலை பேசும் வியாபாரிக்கு என்ன வேலை?

அமெரிக்கர்கள் சண்டை போட்டுப் பிரிந்ததும் அந்தக் கடை மூடியது. லண்டன் சிறைகள் நிரம்பி வழிந்தன. பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியில் கட்டி, அதில் கைதிகளை அடைத்து, பகலில் ஆற்று வேலை வாங்கினார்கள். 1787 மே மாதம் 11 கப்பல்கள் எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகளோடு புறப்பட்டு, எட்டு மாதம் கடலில் ஓடி, 1788 ஜனவரியில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. சிறையில் இடமில்லை, அதனால் அனுப்பினார்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். இடமில்லை என்றால் இங்கிலாந்திலேயே இன்னொரு சிறை கட்டலாமே. உலகத்தின் மறுகோடிக்கு எட்டு மாதம் சோறு போட்டுக் கூட்டிப்போவானேன்? அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் பிரெஞ்சுக்காரன் கப்பல்களும் அங்கே வந்து நின்றன. அதுதான் விஷயம். ஒரு மண் எனக்குச் சொந்தம் என்று காட்டக் கொடி மட்டும் நட்டால் போதாது. கொடிக்குக் கீழே காடு வெட்ட, விதை போட, பிள்ளை பெற ஆள் இருக்க வேண்டும்.

இன்னும் தெளிவான சாட்சி அந்த நாட்டிலேயே இருக்கிறது. 1840-ல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதி வருவது நின்றது. 1853-ல் டாஸ்மேனியாவுக்கும் நின்றது. ஏன்? சொந்தக் காசில் வந்து குடியேறியவர்கள் பெருகிவிட்டார்கள். கைதி இருந்தால் எங்கள் கூலி குறைகிறது என்று அவர்கள் எதிர்த்தார்கள். 1851-ல் தங்கம் கிடைத்ததும் ஜனம் தானாகவே அலைமோதிக்கொண்டு வந்தது. ஆனால் அதே நேரத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது? அது கைதிகளே இல்லாமல் ஆரம்பித்த குடியேற்றம். வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவித்தது. அங்கிருந்த வெள்ளைக்காரர்களே எங்களுக்குக் கைதி அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். 1850 முதல் 1868 வரை 9,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள்.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். குற்றம் அதே குற்றம், சட்டம் அதே சட்டம், ராணி அதே ராணி. ஒரு மூலையில் வேண்டாம் என்கிறார்கள், இன்னொரு மூலையில் கொடு கொடு என்கிறார்கள். நம் தெருக் குப்பையை எனக்குக் கொடுங்கள் என்று யாராவது மனுப் போட்டுக் கேட்பார்களா? கேட்கிறார்கள் என்றால் அது குப்பை இல்லை, சரக்கு.

சரி, இது வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனுக்குச் செய்தது. நம் ஆட்களுக்கு வருவோம். அந்தமானுக்கு முன்னாலேயே நம்மவர்கள் கடல் தாண்டிய கதை பலருக்குத் தெரியாது. 1787 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைச் சுமத்ரா தீவில் உள்ள பென்கூலனுக்கு அனுப்பியது. பிறகு பினாங்கு, மொரீஷியஸ், சிங்கப்பூர், பர்மா. இந்த ஊர்களில் ஒற்றுமை என்ன? எல்லாம் வெள்ளைக்காரன் கைக்கு வந்த துறைமுகங்கள் அல்லது தோட்டங்கள். எல்லா இடத்திலும் வேலை மலை போலக் கிடந்தது.

மொரீஷியஸை 1810-ல் பிரெஞ்சுக்காரனிடமிருந்து பிடித்தார்கள். 1815 முதல் சுமார் 1,500 இந்தியக் கைதிகள் அங்கே போய் ரோடு போட்டார்கள். 1836-ல் அந்தத் தீவுக்கு வந்த சார்லஸ் டார்வின், ஆமாம், பரிணாமம் சொன்ன அதே டார்வின், அப்போது அங்கிருந்த சுமார் 800 இந்தியக் கைதிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1834-ல் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஏற்ற ஆரம்பித்தார்கள். 1837-ல் கைதி அனுப்புவது நின்றது. அந்த மூன்று வருஷத்தில் இந்தியாவில் குற்றம் ஒழிந்துவிட்டதா? இல்லை. மலிவான ஆள் வேறு வழியில் கிடைத்துவிட்டான்.

சிங்கப்பூர் கதை இன்னும் நன்றாகச் சொல்லும். 1824-ல் போட்ட ஒப்பந்தப்படி பென்கூலனை டச்சுக்காரனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஊரைக் காலி செய்ய வேண்டும். அங்கிருந்த நம் கைதிகளை என்ன செய்வது? திருத்தத்தான் வைத்திருந்தார்கள் என்றால் ஊருக்கு அனுப்பியிருக்கலாம். இல்லை. 1825-ல் அவர்களைக் கப்பலில் ஏற்றிச் சிங்கப்பூரில் இறக்கினார்கள். அங்கே வந்திறங்கிய முதல் கூட்டமே மதராஸ் கைதிகள்தான். வீடு மாறும்போது அம்மியும் ஆட்டுக்கல்லும் போகிற மாதிரி மனிதர்களைக் கொண்டு போனார்கள்.

இங்கிருந்து சிங்கப்பூர் போயிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக இதைச் சொல்கிறேன். சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், ரோடு போட்டதும், சிராங்கூன் பக்கம் செங்கல் சூளை வைத்து அறுத்ததும் நம் கைதிகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறீர்களே, 1856-ல் தொடங்கிய அந்த வெள்ளைக் கட்டடத்தை எழுப்பியது அவர்கள் கை. சுவர் ஏன் அப்படிப் பளபளக்கிறது தெரியுமா? சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த கலவை. அதற்கு இன்றைக்கும் மதராஸ் சுண்ணாம்பு என்றுதான் பெயர். அந்த நாட்டு ஜனாதிபதியின் இஸ்தானா மாளிகை இருக்கிறதே, 1867 முதல் 1869 வரை அதைக் கட்டியதும் கைதிகள்தான். கொத்தன், தச்சன், கல் உடைப்பவன், கொல்லன் என்று அத்தனை தொழிலும் சிறைக்குள்ளேயே கற்றுக் கொடுத்தார்கள். காவலுக்கும் கைதிகளில் இருந்தே ஆள் எடுத்தார்கள். வார்டருக்குக் கொடுக்கும் சம்பளம்கூட மிச்சம்.

1873-ல் சிங்கப்பூர் கைதிச் சிறையை மூடி, மிச்சம் இருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். அதற்குள் சீனாவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் கூலிகள் வந்து குவிந்துவிட்டார்கள். அதே கணக்குதான். கூலிக்காரன் மலிந்தால் கைதிக்கு வேலை முடிந்தது.

இப்போது நீங்கள் கை தட்டிய அந்தமானுக்கு வருவோம். 1857 கிளர்ச்சிக்காரர்களை அடைக்கத்தான் அந்தமான் சிறைக் குடியிருப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்தீர்கள். பாதிதான் உண்மை. முதல் குடியேற்றத்தை 1789-ல் ஆரம்பித்து, காய்ச்சலில் ஆட்கள் செத்து, 1796-ல் கைவிட்டார்கள். வங்காள விரிகுடாவில் கப்பல் ஒதுங்க ஒரு நல்ல துறைமுகம் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. கைதிகளைக் கொண்டு அங்கே மறுபடி குடியேற்றம் வைக்கும் யோசனை 1855-லேயே பேசப்பட்டது. கிளர்ச்சி வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. இடத்தை முதலில் பார்த்துவிட்டார்கள், குற்றவாளி பிறகுதான் வந்தான். 1858 மார்ச் 10-ல் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். முதல் சில மாதங்களிலேயே பலர் நோயில் செத்தார்கள், பலர் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வாக்கர் தூக்கில் போட்டார். மீதிப் பேர் காடு வெட்டினார்கள்.

போகப்போக அங்கே என்ன செய்தார்கள் பாருங்கள். பத்து வருஷம்போல ஒழுங்காக வேலை செய்த கைதிக்கு நிலம், மாடு, சொந்தமாகப் பிழைக்க அனுமதி. கல்யாணம் கட்டிக்கொள்ளப் பெண் கைதிகளில் இருந்து ஒருத்தி. பிறந்த பிள்ளைகள் தீவுக்காரர்கள் ஆனார்கள். தண்டிக்கிறவன் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைப்பானா? ஊர் உண்டாக்குகிறவன்தான் செய்வான்.

இதை அந்த அரசாங்கமே ஒப்புக்கொண்டது. 1890-ல் லையால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் அந்தமானுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். தீவாந்திரம் என்றால் இப்போது யாருக்கும் பயம் இல்லை, உள்நாட்டுச் சிறையை விட இதுவே மேல் என்று கைதிகள் நினைக்கிறார்கள், தண்டனை என்ற பேருக்காவது கொஞ்ச நாள் தனியறையில் அடைக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகு கட்டியதுதான் செல்லுலார் ஜெயில். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். சினிமாவில் பார்த்து நீங்கள் பதறுகிற அந்தத் தண்டனைக் கூடமே, குடியேற்றம் ஆரம்பித்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் நடந்தது என்ன? வேலை.

நாடு கடத்துவதே தண்டனையாக இருந்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். வேலூருக்கு பஸ் ஏறுங்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனைப் பிடித்துக்கொண்டு வந்து 1816-ல் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-ல் அவர் அங்கேயே செத்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அவரும் நாடு கடத்தப்பட்டவர்தான். ஆனால் குடும்பத்தோடு, பரிவாரத்தோடு, அரசாங்கப் படியில் இருந்தார். அவர் கையில் யாரும் கடப்பாரை கொடுக்கவில்லை. ஏனென்றால் ராஜாவிடம் வாங்க வேண்டியது அவருடைய நாடு. அது வாங்கியாகிவிட்டது. ஏழையிடம் வாங்க இருந்தது அவன் முதுகெலும்பு மட்டும்தான்.

அடுத்து, அந்தக் "குற்றவாளி" யார் என்று பார்ப்போம்.

நம் திமிரியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கையோடு நம் திமிரிக் கோட்டை மேலும் படை எடுத்து வந்தான். அவன் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். அந்த மகன் காலத்தில்தான் தெற்கே பாளையக்காரர் போர். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். (நம் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்.) சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். அவனோடு சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தோடு முன்பு பழகிய வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1818-ல் பினாங்கில் துரைசாமியைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். வாலிப வயதிலேயே கிழடு தட்டிப்போன மனிதராக அவரைப் பார்த்தாராம். அந்தச் சிறுவன் செய்த குற்றம் என்ன? இன்னாருக்குப் பிள்ளையாகப் பிறந்தது.

மலபாரில் 1921 மாப்பிளைக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். பிறகு குடும்பங்களையும் வரவழைத்தார்கள். மலபார் அப்போது நம் மதராஸ் மாகாணம். இன்றைக்கும் அந்தமானில் மஞ்சேரி, திரூர் என்று ஊர்கள் இருக்கின்றன. நம் வ.உ.சி.க்கு 1908-ல் கொடுத்ததும் தீவாந்திர தண்டனைதான். அவர் கப்பல் ஏறவில்லை, கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார். பாருங்கள், கப்பல் விட்டவர் கையில்கூட அவர்கள் கொடுத்தது வேலைதான்.

இவர்கள் எல்லாம் தியாகிகள், நாங்கள் சொல்வது நிஜத் திருடர்களை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். போனவர்களில் கொலைகாரர்கள் இருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் நிறையவே இருந்தார்கள். அவர்களை மாலை போட்டு வரவேற்கச் சொல்லவில்லை. ஆனால் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜில்லா என்ன பாடுபட்டது என்று உங்கள் பாட்டிகளுக்கு அவர்கள் பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். ஜனம் வயிற்றுக்காகத் தானியக் கிடங்கை உடைத்தது. கூட்டமாகப் போய் எடுத்தால் சட்டத்தில் அதற்குப் பேர் கொள்ளை. கொள்ளைக்குத் தண்டனை தீவாந்திரம் வரை போகும். கிடங்கில் தானியத்தைப் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருந்தவன் பெயர் வியாபாரி. அவனைக் கப்பல் ஏற்றவில்லை. ஏற்றினாலும் அவன் எங்கே மண் வெட்டப் போகிறான்?

"டீச்சர், எப்படியோ போனார்கள், கடைசியில் நல்லதுதானே நடந்தது? ஆஸ்திரேலியா பணக்கார நாடு, சிங்கப்பூர் சொர்க்கம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். நல்லது நடந்தது என்றால் அந்தப் பெருமை யாருக்கு? உழைத்தவனுக்கா, சாட்டை பிடித்தவனுக்கா? தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்தவனுக்கா, கல்லாவில் உட்கார்ந்தவனுக்கா? இதற்குப் பதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தத் தீவுகள் காலி மனை அல்ல. அந்தமானில் ஆயிரமாயிரம் வருஷமாக வாழ்ந்த ஆதி ஜனங்கள் இருந்தார்கள். 1859-ல் அபர்டீன் என்ற இடத்தில் வில்லும் அம்புமாக எதிர்த்து நின்றார்கள். வெளியாட்கள் கொண்டு வந்த தட்டம்மையும் மற்ற நோய்களும் அவர்களைத் தின்றன. குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், 1901 மக்கள்தொகைக் கணக்கில் 625 பேர். இன்றைக்கு ஐம்பது அறுபது பேர்தான். "ஒரு தீவில் கொண்டுபோய்க் கொட்டு" என்று விரலால் தட்டுகிறீர்களே, அந்தத் தீவு யார் வீட்டு வாசல் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கடைசிப் பாடம்.

அந்தக் காலத்தில் ஆயுள் கைதியின் நெற்றியில் அவன் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். 1849-ல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நெற்றியில் குத்துவது நின்றது, ஜாதி மேல் குத்துவது ஆரம்பித்தது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ல் நம் மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த பிள்ளையையே திருடன் என்று பதிவேட்டில் எழுதும் சட்டம். நம் குறவர் ஜனங்கள் கழுதை மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள். ரயில் வந்தது, உப்புச் சட்டம் வந்தது, பிழைப்பு போனது. உடனே குற்றப் பரம்பரை என்ற பட்டம். பிறகு என்ன செய்தார்கள்? குடியிருப்புகளில் அடைத்து வேலை வாங்கினார்கள். ஆந்திராவில் ஸ்டுவர்ட்புரம் குடியிருப்பில் இருந்தவர்கள் பக்கத்துச் சீராலா புகையிலைக் கம்பெனிக்கு வேலையாட்கள் ஆனார்கள். தீவு இல்லாத தீவாந்திரம் அது. வழி மட்டும் அதே வழி: முதலில் குற்றவாளி என்று பேர் வை, பிறகு மலிவாக வேலை வாங்கு.

சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை 1947-ல் ஒழித்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் ஒழிந்தது. ஏட்டில் ஒழிந்தது. நம் வாயில் ஒழிந்ததா? ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் எந்தத் தெருப் பையனை விசாரிக்கச் சொல்கிறீர்கள்? ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் பையனை. கூடை முடையும் குறவர் வீட்டுப் பையனை. இப்போது புதிதாக, ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் வேலை செய்ய ரயிலேறி வந்த வடக்கத்திப் பையனை. அதே இருளர் குடும்பம்தான் முன்பணம் வாங்கிய பாவத்துக்கு அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் அதிகாரிகள் போய் மீட்டுக் கொண்டு வரவேண்டியிருக்கிறது. "அவனுங்க அப்படித்தான்" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, அவர்களை மலிவாக வைத்திருக்க முதலாளிக்கு நாம் செய்து கொடுக்கும் உதவி. அவன் கேட்டால் கூலி கிடைக்காது, அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். திருடன்தானே!

நம் பிள்ளைகளும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் இருக்கிறார்கள். அங்கே ஒரு கடையில் ஏதாவது காணாமல் போனால், முதலில் யார் பையைச் சோதிப்பார்கள்? போய் வந்தவர்களைக் கேளுங்கள். அப்போது வரும் கோபத்தை இங்கேயும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருடனுக்குத் தண்டனை வேண்டாம் என்று எந்த டீச்சராவது சொல்வாளா? குற்றம் செய்தவனைப் பிடிக்கட்டும். சாட்சி வைத்து விசாரிக்கட்டும். நிரூபித்துத் தண்டிக்கட்டும். தண்டனை முடிந்தால் மனிதனாக வெளியே விடட்டும். ஆனால் "அவனுங்களை எல்லாம்" என்று யாராவது ஆரம்பித்தால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் ஒருவன் செய்வது. "எல்லாம்" என்ற வார்த்தை வரும்போது அங்கே நீதி பேசவில்லை, வேறு ஏதோ தேவை பேசுகிறது.

என் மாணவர்களில் இரண்டு பேர் போலீஸில் இருக்கிறீர்கள். மூன்று பேர் வக்கீல்கள். ஒருத்தி தாலுக்கா ஆபீஸில் இருக்கிறாள். பலர் கம்பெனிகளில் சூப்பர்வைசர், ஹெச்.ஆர். என்று ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் வரும் ஒவ்வொரு ஏழைப் பெயருக்கும் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள். இவனைக் குற்றவாளி என்று யார் சொல்கிறார்கள்? அப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம்? இந்த இரண்டு கேள்வியை 1802-ல் தூத்துக்குடித் துறையில் நின்று கேட்டிருந்தாலும், 1825-ல் சிங்கப்பூர்க் கரையில் நின்று கேட்டிருந்தாலும் சரியான விடை கிடைத்திருக்கும்.

அந்தச் செய்தியைக் குழுவில் போட்ட தம்பி, உன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நீயே போய் அதை நீக்கிவிடு. நீக்க மனமில்லை என்றால் கீழே வந்து வாதம் செய். மரியாதையாகப் பேசுகிற யாருக்கும் பதில் சொல்வேன். கைதட்டல் படம் மட்டும் போடாதீர்கள். விடைத்தாளில் படம் போட்டால் நான் என்றைக்காவது மார்க் கொடுத்திருக்கிறேனா?

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திமிரி.